தாடிக்கொம்பு முதல் நெய்க்காரப்பட்டி வரை: சீமைக் கடிதத்தைத் தேடிப் போன இரண்டு நாள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஐயா, ஆடு வளர்க்கிறவங்களுக்கு வெளிநாட்டு விசா கிடைக்குமா? நீங்க ஒரு காலத்துல முயற்சி பண்ணினதா எழுதியிருந்தீங்களே?" பண்ணினேன் தம்பி. விசா விவரத்தைவிட, அதற்காக 1963 செப்டம்பரில் திண்டுக்கல்லைச் சுற்றி நான் அலைந்த இரண்டு நாள் கதைதான் உங்களுக்கு உபயோகப்படும். செல்போனில் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் அதைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

எங்களுக்குச் செம்மறி ஆட்டுக் கிடை. அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் படுக்கவைப்போம். புழுக்கை நிலத்துக்கு உரம், எங்களுக்குக் கூலியாகத் தானியம். வயலை நாங்கள் காடு என்போம்: பத்து நாள் ஒரு காடு, பதினைந்து நாள் இன்னொரு காடு. நானும் என் மனைவி சின்னத்தாயும் கல்யாணம் ஆன நாலு வருடத்தில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் தூங்கியதில்லை. எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பத்தான் வெளிநாட்டுக்கு ஆசைப்படுவார்கள். நான் ஆசைப்பட்டது ஒரே இடத்தில் இருப்பதற்கு. அந்த ஆசை என்னைப் போட்டு வாட்டியதை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு துரையின் ஆட்டுப் பண்ணையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அவர் சீமைக்குத் திரும்பிப்போய் அங்கேயும் ஆடு வாங்கினார். "உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்று கடிதம் போட்டார். அவர் மனைவி அதிலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: உன் மனைவி சம்மதிப்பாளா? சின்னத்தாயிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அங்க வீட்டுக்குக் கதவு இருக்குமா?"

அதையே பதிலில் எழுதிவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஆட்டுக்காரனுக்கு இருந்த வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆடு என்றால் ஆஸ்திரேலியாதான். ஆனால் அந்த நாடு அப்போது நம் நிறத்தைப் பார்த்தே வேண்டாம் என்றது. இலங்கையும் மலேயாவும் முன்போல் நினைத்தபோது கப்பலேறிப் போகும் இடங்களாக இல்லை. மிச்சம் இங்கிலாந்து. அங்கே 1962-இல் புதுச் சட்டம் வந்து, வேலைக்கு வருகிறவர்களுக்கு வவுச்சர் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அதில் மூன்று வகை. அங்குள்ள முதலாளி நம் பெயரைச் சொல்லிக் கேட்டால் வருவது ஒன்று. தொழிலோ படிப்போ கற்றவர்களுக்கு இன்னொன்று. இரண்டும் இல்லாதவர்களுக்கு மூன்றாவது, அதற்கு வரிசை நீளம். ஆடு மேய்ப்பது ஒரு தொழில் என்று யாரிடம் போய் வாதாட? எனக்குத் துரை முதல் வகையில் கேட்டார். சீட்டு கிடைத்தால் ஆறு மாதத்துக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும், மனைவியையும் கூட்டிப் போகலாம்.

"நீ இப்போது இருக்கும் முகவரியை எழுது" என்று கேட்டிருந்தார். எட்டாவது படித்தவன் நான், உண்மையை எழுதினேன். அப்போது தாடிக்கொம்பில் சீரங்கன் என்கிற பூ விவசாயியின் காட்டில் கிடை. அதையே எழுதி அனுப்பினேன். எங்களை யாராவது எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், எவர் காட்டில் கிடை கிடக்கிறதோ அவர் பெயரைச் சொல்வதுதான் வழக்கம். கடிதம் சீமைக்குப் போய்ப் பதில் வருவதற்குள் கிடை மூன்று ஊர் தாண்டிவிடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு மட்டும் சொந்த ஊரைப் போட்டேன், அது ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ஆவணி பிறந்து, கிடை சிறுமலை அடிவாரத்துக்கு வந்தும் தகவல் இல்லை. திண்டுக்கல் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த காதர் பாய் எனக்கு வேண்டியவர். அவர் கடை முகவரியைப் போட்டுத் துரைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். பதில் வந்த அன்று பாய் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"ஏலே முத்தையா, தொரை அந்த வவுச்சர மார்ச்சு மாசமே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டாராம்ல! நீ எங்கப்பு போயிருந்த? யா அல்லா, ஆறு மாசம் ஆகப்போகுதே!"

மறுநாள் காலை 6.10-க்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். தாடிக்கொம்புக்கு ஏறக்குறைய ஆறு மைல், கால் ரூபாய் டிக்கெட். பெருமாள் கோயில் கோபுரம் தெரிந்ததுமே இறங்கி, குறுக்கே நடந்தேன். சீரங்கன் சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"தபால் வந்துச்சுப்பா. எம்பேரும் போட்டிருந்துச்சா, நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். நீங்க கன்னிவாடிப் பக்கம் போயிட்டீகன்னு சொன்னாக. பூ ஏவாரி ஒருத்தரு அங்க போனாரு, அவருகிட்டக் குடுத்து விட்டுட்டேன். உள்ள என்னமோ இரும்பு மாதிரி இருந்துச்சு, பத்திரமாக் கொண்டு போகணும்னு அம்புட்டு சொன்னேன்."

கடிதத்துக்குள் இரும்பா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குடிக்க மோர் கொடுத்தார். கோபப்பட மனம் வரவில்லை.

திண்டுக்கல் திரும்பி, 11.30 பஸ்ஸில் கன்னிவாடி. பதினாலு மைலுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது, வழியில் டயர் மாற்றினார்கள். மலையடிவாரத்தில் நாங்கள் கிடை போட்ட காட்டில் கடலை நன்றாகப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்டின் உரம். காட்டுக்காரர் கருப்பணன் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"செத்த உக்காரு. நீ மறுபடி வருவேன்னு ஒரு மாசம் வச்சிருந்தேன். பொறவு நீங்க நெய்க்காரப்பட்டியில கெடக்கீகன்னு கேள்விப்பட்டு, பொகயில வண்டியில குடுத்து விட்டேன். வந்து சேரலையா?"

சேரவில்லை. சாப்பிடாமல் விடவில்லை மனிதர். கம்பஞ்சோறு, கத்தரிக்காய் வெஞ்சனம். அவர் வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் தாழ் போடும் சத்தம் கேட்டது. எனக்கு ஏக்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

மறுநாள் விடிந்ததும் மாட்டு வண்டி. பழனி ரோட்டுக்கு ஐந்து மைல் இருக்கும். வண்டிக்காரர் காசு வாங்கவில்லை, பேச்சுத் துணை போதும் என்றார். சீமை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பழனியைத் தாண்டி என்றேன். சரிதான் என்று தலையாட்டினார். 7.40-க்குப் பழனி பஸ், ஒன்றரை ரூபாய். இடது கைப் பக்கம் மலை கூடவே வந்தது. துரை காட்டிய படத்தில் இருந்த மலையில் மரமே இல்லை, பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல்தான். அதில் நானும் சின்னத்தாயும் நடப்பதாக நினைத்துக்கொண்டே போனேன். சட்டைக்குள் பாஸ்போர்ட் இருந்தது, அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பழனியிலிருந்து நெய்க்காரப்பட்டிக்கு ஆறேழு மைல். 11 மணிக்கு இறங்கினேன். தென்னந்தோப்பும் சோளக்காடும் வைத்திருந்த ராமாத்தாள் தனியாக விவசாயம் பார்த்த அம்மா. தோப்புக்குள் நுழையும்போதே குரல் கொடுத்தார்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, இப்பவே வந்துட்டீங்க? தையிலதானுங்களே மறுபடி கிடை போட வர்றேன்னீங்க? உங்க தபால் இங்கதானுங்க இருக்குது. நீங்க கிளம்பி அஞ்சாம் நாள் வந்துச்சுங்க. உள்ளார சாவியாட்டம் தட்டுப்பட்டுதுங்க. தொலைஞ்சு போகக் கூடாதுன்னு பொட்டியில வெச்சுப் பூட்டி வெச்சேனுங்க. தை மாசம் கையில குடுக்கலாம்னு."

கிடை போட்டவன் அடுத்த வருடம் வருவான். அந்த நம்பிக்கையில்தான் மூன்று பேரும் என் கடிதத்தைப் பொன் போலக் காத்து வைத்திருந்தார்கள். யாரை நோக?

உறையைப் பிரித்தேன். முதலில் விழுந்தது ஒரு சாவி, விரல் நீளம், கறுப்பு இரும்பு. கூடவே வவுச்சர். செல்லுபடியாகும் கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பம்பாயிலிருந்து கப்பலில் போனால் பதினெட்டு நாள் ஆகும் என்று காதர் பாய் விசாரித்து வைத்திருந்தார். விமானம் என்றால் எங்கள் ஆடு மொத்தத்தையும் விற்றாலும் ஒருவருக்குக்கூட ஆகாது. தேதி முடிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்பது நாள் கையில் இருந்துகொண்டு போக முடியாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தென்னை மரத்தில் சாய்ந்து அழுதேன். ராமாத்தாள் பதறிப்போய், "நாந்தானுங்க தப்புப் பண்ணிப்போட்டனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை ஆத்தா, முகவரி எழுதியவன் நான்தான் என்றேன்.

துரைக்கு எழுதினேன். பல மாதம் காத்துவிட்டுப் பக்கத்து ஊர் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டதாகவும், சாவியை நீயே வைத்துக்கொள் என்றும் பதில் வந்தது. நான் மறுபடி முயலவில்லை. அடுத்த தையில் ராமாத்தாள் காட்டில் கிடை போட்டோம்.

ஆகவே தம்பி, ஆடு வளர்க்கிறவர்களுக்கு இன்றைக்கு எந்த நாட்டில் எந்த விசா என்பதை அந்தந்த அரசாங்கத்தின் பக்கத்திலேயே பாருங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். தரகரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். எத்தனை ஆடு, எத்தனை வருடம், என்ன வைத்தியம் தெரியும் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள், நம் வேலையும் தொழில்தான். முகவரி என்று கேட்டால், இன்று இருக்கும் இடத்தை எழுதாதீர்கள். பதில் வருகிற நாளில் எங்கே இருப்பீர்களோ அதை எழுதுங்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், முதலில் அதைத் தேடிக்கொள்ளுங்கள்.

நெய்க்காரப்பட்டியிலிருந்து கிளம்பி, அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் 5 மணிக்குச் சிறுமலை அடிவாரத்தில் எங்கள் கிடைக்கு வந்து சேர்ந்தேன். சின்னத்தாய் வேலிப்படலை நட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உறையில் துரை மனைவி எழுதிய துண்டுக் கடிதமும் ஒன்று இருந்தது. அதை மட்டும் படித்துச் சொன்னேன்: "உன் மனைவியிடம் சொல், கதவு இருக்கிறது. இதோ சாவி."

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கினாள். ஆடுகள் படலுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத எந்தப் பக்கமாத் திருகணும்?"

எனக்கும் தெரியவில்லை.