சைலோவுக்குக் காட்டிய கற்பூரம்

எங்கள் தெரு உமாபதி மாமாவுக்குக் காற்று என்றாலே ஆகாது. மற்றவர்கள் வெயிலைத் திட்டுவார்கள், கொசுவைத் திட்டுவார்கள், ஓட்டுக்கு வந்து போனவர்களைத் திட்டுவார்கள். மாமா காற்றைத் திட்டுவார். முறுக்கு நமுத்தாலும் ஆணி துருப்பிடித்தாலும் அதன் மேல்தான் பழி.

"காத்துல ஆக்சிஜன்னு ஒண்ணு கீது பாரு, அது சும்மாவே இருக்காது. எதையாவது துன்னுக்கினே இருக்கும்" என்பார். தடா நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் டயருக்கு நைட்ரஜன் அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மொபெட்டை அங்கே ஓட்டிப் போய், டயரில் இருந்த நல்ல காற்றைப் புஸ்ஸென்று இறக்கிவிட்டு நைட்ரஜன் அடைத்துக்கொண்டு வந்தார். வண்டி முன்பு ஓடிய மாதிரியேதான் ஓடியது. அவர் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

பிறவியிலேயே இப்படி இல்லை. முப்பத்தைந்து வயது வரை கிருஷ்ணப்பா என்கிற பெரிய விவசாயியின் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு மாடி கட்டினார்கள், கார் வாங்கினார்கள். நிலமே இல்லாத நாங்கள் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டோம். மாமாவுக்கும் அவர் மனைவி ரத்னம்மா அக்காவுக்கும் எனக்கும் அங்கே இருந்த அட்டை ஆலை ஒன்றில் வேலை கிடைத்தது. மாமா நிலக்கரி தள்ளினார், அக்கா பெருக்கினாள், நான் பேக்கிங்கில் இருந்தேன்.

அங்கே பாய்லருக்கு நிலக்கரிதான் தீனி. துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் கரியை சைலோவில் கொட்டி வைப்பார்கள். சைலோ என்றால் தென்னை மர உயரத்துக்கு நிற்கிற இரும்புத் தொட்டி. கரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குவித்து வைத்து மறந்துவிட்டால், இடுக்கில் இருக்கிற காற்றோடு சேர்ந்து தானாகவே சூடாகும். கேட்பாரில்லை என்றால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும்.

ஒரு வருடம் ஆயுதபூஜை விடுமுறையில் அதுதான் நடந்தது. ஆலையைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது சைலோ புகைய ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினார்கள். மேலே சேறானது, அடியில் கனன்றுகொண்டேயிருந்தது. ஆலையை ஒரு மாதம் மூடி, எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா வேறு வழியில்லாமல் பழைய நிலத்துக்கே போய் நின்றார். கிருஷ்ணப்பா வரப்பில் குடை பிடித்தபடி, "ஏமய்யா உமாபதி, கம்பெனி பாகுந்தா?" என்று, கம்பெனி நல்லா இருக்கா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தாராம். மனுஷன் அந்தச் சிரிப்பை மறக்கவேயில்லை. மறுபடி அந்த வரப்பில் போய் நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் அவருக்குப் பயம்.

அடுத்த வருடம் நிர்வாகம் வரிசையாக நைட்ரஜன் சிலிண்டர்கள் கொண்டுவந்து நிறுத்தியது. சைலோவின் அடியில் குழாய் வைத்து நைட்ரஜனை விட்டால், அது உள்ளே நிரம்பி, காற்றை மேலே தள்ளி வெளியேற்றிவிடும். காற்று இல்லாத இடத்தில் கரி சும்மா கிடக்கும். ஃபோர்மேன் வேதாச்சலம் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, வால்வைத் திறக்கிற வேலையை மாமாவிடம் ஒப்படைத்தார். நீலச் சட்டையும் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான் காற்றோடு பகை.

ஆயுதபூஜை வந்தது. விடுமுறைக்கு முன்பே வால்வைத் திறந்துவிட்டிருந்தார். எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக்கொண்டு வந்தோம். வேதாச்சலம் கேட்டில் பூசணிக்காய் உடைக்கப் போயிருந்தார். அப்போது பாய்லர் நாகேந்திரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எரிஞ்ச வருசம் பாய்லருக்குக் காட்டுனோம், சைலோவுக்கு வுட்டுட்டோம் இல்ல?" என்றான்.

நிஜம்தான், விட்டுவிட்டோம். மாமா சிரித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் முகம் சுண்டிவிட்டது. "கேஸ் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். எது காப்பாத்துனாலும் சரிதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறினார். பின்னாலேயே அக்கா குங்குமத்தோடு ஏறினாள்.

பாய்லருக்கு அடுப்புக் கதவு இருக்கிறது, அதுதான் முகம். சைலோவுக்கு ஏது முகம்? உச்சியில் இருக்கிற மூடிதான் என்று மாமாவே முடிவு செய்தார். கேஸ் ஓடும்போது திறக்கக்கூடாது என்று அதன் மேல் பலகை தொங்கியது. தினமும் அந்தப் பலகையைத் துடைப்பவரும் அவர்தான். துடைத்த கையாலேயே மூடியைத் திறந்து, தட்டில் கற்பூரம் ஏற்றி, உள்ளே நீட்டினார்.

அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி நீட்டினார். மறுபடியும் அணைந்தது. கீழே நாகேந்திரன், "அய்யோ, சாமி ஏத்துக்கலயே!" என்றான்.

உலகத்துக்கெல்லாம் நைட்ரஜன் பாடம் எடுத்தவர் அவர். கற்பூரம் அணைந்தால், கேஸ் உள்ளே நன்றாக நிரம்பியிருக்கிறது என்று கைதட்டியிருக்க வேண்டும். அவரோ, "பாழாப்போன காத்து, ஏத்த வுடுதா பாரு" என்று வெளியே வீசிய காற்றைத் திட்டிவிட்டு, அது படாமல் ஏற்றலாம் என்று தட்டோடும் தீப்பெட்டியோடும் தலையையும் தோளையும் சைலோவுக்குள் விட்டார்.

ஒரு குச்சி உரசுகிற நேரம்கூட ஆகியிருக்காது. கால் தொய்ந்தது. அக்கா வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டி மட்டும் வந்தது. அதை வீசிவிட்டு, இடுப்பைக் கட்டிக்கொண்டு, தன் முழு எடையோடும் பின்னால் சாய்ந்தாள். இருவரும் மேடையில் விழுந்தார்கள். இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன், அப்போது ஏணியைப் பிடித்தபடி அழுதேன்.

வேதாச்சலம் ஓடிவந்து மூடியைப் போட்டார். மாமா இருமி, மூச்சு இழுத்து, கண்ணைத் திறந்தார். யாரோ கொடுத்த லுங்கியைச் சுற்றிக் கீழே இறக்கி, நிழலில் உட்கார வைத்தோம்.

"யோவ், உள்ள காத்தே இல்ல, இன்னொரு மூச்சு இழுத்திருந்தா போய்ச் சேர்ந்திருப்ப. கற்பூரம் நின்னதுதான்யா நல்ல சகுனம். அது எரியாத எடத்துல கரியும் எரியாது" என்றார் வேதாச்சலம். அவர் சொன்னபடியே விடுமுறை முடிந்து பார்த்தபோது கரி சில்லென்று கிடந்தது. ஆனால் அன்றைக்கு மாமாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

"ரெண்டு தபா நின்னு போச்சே, ரத்னா. கரி எரிஞ்சுடும். மறுபடியும் அந்தாளு வரப்புலதான் போய் நிக்கணும்" என்று புலம்பினார்.

அக்கா அவருடைய முகத்தில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எரிஞ்சா எரியட்டும்யா. அவன் சிரிச்சா சிரிக்கட்டும். ரெண்டு பேரும் போய் வேர்க்கடல புடுங்கலாம். நீ அந்தத் தொட்டியிலயே போயிருந்தா, நான் யாரு கூடப் போவேன்?"

மாமா லுங்கி நுனியை முகத்தில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நாங்கள் வேறு பக்கம் திரும்பிப் பொரி தின்றோம்.