அறுக்காமல் விட்ட பொத்தான்கள்

செய்தி வந்தபோது நான் மன்னார் கீரிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். தொலைபேசி இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தரம் முழங்கையால் தட்டி எடுத்தேன். முருங்கனிலிருந்து சரோசா. தெய்வானை அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி.

"மிஸ்ஸி, அக்கா மோசம் போயிட்டா. விடியத் தேத்தண்ணி கொண்டு போனனான், கூப்பிடக் கூப்பிட எழும்பேல்லை."

எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி, "போர்வை முடிஞ்சுதே?" என்பதுதான். கேட்ட பிறகு வெட்கமாகப் போய்விட்டது. "நேற்றுப் பின்னேரம்தான் முடிச்சவ. மடிச்சுத் தலைமாட்டில வைச்சிருக்கிறா" என்றாள் சரோசா. நான் அப்படியே குந்தியிருந்தேன். பூனை வந்து ஒரு துண்டு மீனைக் கவ்விக்கொண்டு போனது. விரட்டத் தோன்றவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குச் சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் அவரோடு நெடுநாள் வேலை செய்தவர், எழுதித் தாருங்கோ என்று எங்கள் ஆஸ்பத்திரி மகப்பேற்று விடுதியில் வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுத எழுத எல்லாம் பொய்யாகத் தெரிந்தது. ஆகவே உள்ளதை எழுதுகிறேன். வாசித்து முடித்து என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள்.

தெய்வானை அக்கா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்துக்குப் பயந்து தாய் தகப்பனோடு சிறு வயதில் முருங்கன் பக்கம் வந்து குடியேறியவர். நான் அந்த ஆஸ்பத்திரிக்குத் தாதியாக, மிஸ்ஸியாக, போனபோது அவர் அங்கே சிற்றூழியர். நிலம் கழுவுவார், துணி மாற்றுவார், வலியில் கத்துகிற பெண்ணின் இடுப்பைப் பிடித்துவிடுவார். ஐந்து நிமிடம் ஓய்வு கிடைத்தால் சட்டைப் பைக்குள்ளிருந்து நூலும் இரண்டு பின்னல் ஊசியும் வெளியே வந்துவிடும்.

மன்னாரின் வெய்யிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெய்யிலில், பஸ்ஸில், மூன்று பேர் இருக்கையில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கும்போது, இந்த மனிசி மடியில் கம்பளி நூலைப் போட்டுப் பின்னிக்கொண்டு வருவார். ஒருநாள் பாலத்தடியில் கழுதைகள் மறித்து பஸ் நின்றபோது கொண்டக்டர் கேட்டான், "என்னக்கா, எங்களுக்கே அவியுது, உங்களுக்குக் குளிருதோ?" பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். "நான் பொறந்த எடத்துல மழையும் குளிருந்தான் தம்பி. ஆளு வந்துட்டேன், கையி இன்னும் அங்கதான் நிக்குது" என்றார்.

பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பி பின்னினார். ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஊதாவில் மஞ்சள் வரி, பச்சையில் செம்மஞ்சள் குஞ்சம். விடுதிக்குப் புதிதாக வந்த பெரிய மிஸ்ஸி ஒருவர், இது என்ன சந்தைக்கடையா, வெள்ளை மட்டும் போதும் என்று கட்டளை போட்டார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "பொறந்த புள்ள மொதல்ல பாக்கிறது இந்த வெள்ளச் செவரத்தாங்க. தாயி பாக்கிறதும் அதத்தான். ஒரு நல்ல கலரு காட்ட வேணாமா?" பெரிய மிஸ்ஸி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாற்றலாகிப் போகும்போது தன் பேரப்பிள்ளைக்கென்று இரண்டு தொப்பி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கும் அவர் தொப்பி போட்டதை நான் ஒருதரம் பார்த்தேன். பெண் பிள்ளை. நான் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து கடும் மஞ்சள் தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டி, காது மூடும்படி இழுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. "என்னக்கா செய்யிறீங்கள், இதுக்கு எதுக்கு?" என்றேன். "போற புள்ளைக்கும் தல குளிருமில்ல மிஸ்ஸி" என்றார். தாய் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்று அழுதபோது அந்த மஞ்சளோடுதான் கொண்டுபோய்க் காட்டினோம். அவள் தொப்பியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

நூல் என்றால் அவருக்கு உயிர். மாதத்தில் ஒருநாள் நாங்கள் இருவரும் மன்னார் ரவுணுக்கு, கடைத்தெருவுக்குப் போவோம். அங்கே ஒரு கடையில்தான் கம்பளி நூல் வரும். அக்கா நூற்பந்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார், மணந்து பார்ப்பார், வாசலுக்குக் கொண்டுபோய் வெய்யிலில் பிடித்துப் பார்ப்பார். ஒரே சிவப்பு என்று கடைக்காரர் நீட்டுகிற இரண்டு பந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுங்க ஒரு தாய் புள்ளைங்க இல்ல மொதலாளி" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார். ஒரே நாளில் ஒரே சாயத்தில் தோய்த்தெடுக்காத நூல்களைச் சேர்த்துப் பின்னினால், துவைத்த பிறகு திட்டுத் திட்டாகத் தெரியுமாம். எனக்கு எப்படிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். ஆனால் மனிசியின் கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

அவருக்கு ஒரே மகள், சாந்தினி. பதினொரு வருடத்துக்கு முன் பிரான்சுக்குப் போனவள். அங்கே அவளது அகதி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். எங்கோ ஒரு சமையலறையில் கோப்பை கழுவுகிறாள், நிலையான விலாசமில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது, திரும்பிப் போகாவிட்டால் போனதற்காக இழந்ததெல்லாம் வீண். தகப்பன் செத்தபோதும் வரவில்லை. அக்கா அவளைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "அங்க பனி கொட்டுதாம் மிஸ்ஸி. எம்புள்ளைக்கு ஒரு பொதப்பு பின்னிக் குடுக்கணும். எல்லாக் கலரும் போட்டு" என்பார்.

ஓய்வுபெற்ற பிறகுதான் அந்தப் போர்வைக்குப் பொழுது கிடைத்தது. அதற்குள் சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணில் ஏறிவிட்டது. ஒரு வருடத்தில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கைக்குப் பின்னல் மறக்கவில்லை, நிறம் மட்டும்தான் தெரியவில்லை. அதற்கும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு நூற்பந்தின் நுனியிலும் ஒரு பொத்தான். சிவப்புக்கு நாலு துளை வைத்த பெரிய பொத்தான். மஞ்சளுக்குப் பூ வடிவம். நீலத்துக்குச் சிப்பிப் பொத்தான். பச்சைக்கு முக்கோணம். ஒரு சதுரக் கட்டம் பின்னி முடிந்ததும் அதே பொத்தானை அதன் மூலையில் தைத்துவிடுவார். பிறகு பாயில் கட்டங்களைப் பரப்பி, தடவித் தடவி, எதற்குப் பக்கத்தில் எது என்று அடுக்குவார். "கண்ணு உள்ளவங்களுக்குப் பட்டன் எதுக்கு? முடிஞ்சதும் நீங்கதான் எல்லாத்தையும் அறுத்துக் குடுக்கணும் மிஸ்ஸி" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நூல் வாங்கிப் பொத்தான் கட்டிக் கொடுக்கிற வேலையும் என்னுடையதுதான்.

அவர் தொடங்கிய நேரம் பார்த்துத்தான் நாடே பெற்றோல் வரிசையில் நின்றது. மருந்தே வராத காலத்தில் கம்பளி நூல் எங்கே வரும்? ரவுண் கடையில் கேட்டேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். முழுக்கச் சாம்பல் நிறம். யாரும் வாங்காமல் கிடந்தது. "இதுதான் மிஸ்ஸி இருக்கு" என்றார். சும்மா போகக்கூடாதே என்று அதில் பாதியை வாங்கிக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் பஸ்ஸுக்குக் காய்ந்து, முருங்கனில் போய் இறங்கினேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, விருப்பமென்றால் பின்னுங்கோ என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக அப்படித்தான்.

படலை திறக்கிற சத்தம் கேட்டதும் அவர் முகத்தைத் தூக்கினார். "செவப்பு கெடச்சிச்சா மிஸ்ஸி?"

"ஓம் அக்கா, கிடைச்சுது" என்றேன்.

"மஞ்ச?"

"எல்லாம் கிடைச்சுது."

அவ்வளவுதான். அங்கேயே இருந்து, சாம்பல் நூற்பந்துகளில் நாலு விதப் பொத்தானையும் கட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு பந்தைக் கன்னத்தில் வைத்து, "இந்தத் தடவ செவப்பும் பச்சையும் ஒரே மாதிரி இருக்கே" என்றார். "ஒரே கொம்பனி அக்கா" என்றேன். இரண்டு சிவப்பில் எந்தச் சிவப்பு மாற்றாந்தாய்ப் பிள்ளை என்று கண்டுபிடித்த மனிசி, என் பேச்சை நம்பினார். சரோசாவையும் வாய் திறக்காதே என்று கட்டிப்போட்டேன். பார்க்க வந்த உங்களில் ஐந்தாறு பேருக்கும் படலையடியிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டேன். "என்ன வடிவு அக்கா!" என்று நீங்களும் சொன்னீர்கள். உங்களில் குறையில்லை, எல்லாம் என் வேலை.

பிறகு கடைக்கு நிறங்கள் திரும்பி வந்தன. சிவப்பு வந்தது, அவருக்குப் பிடித்த அந்தக் கடும் மஞ்சளும் வந்தது. நான் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு, மிச்சமிருந்த சாம்பலையே வாங்கிக்கொண்டு போனேன். அப்போது இருபத்தாறு கட்டம் முடிந்திருந்தது. அதற்கு நடுவே உண்மைச் சிவப்பு ஒன்றை வைத்தால் மற்றதெல்லாம் பொய்யென்று காட்டிவிடும், எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கடைசியாகப் போனபோது கேட்டார், "செவப்பு நல்லா எடுப்பா இருக்கா மிஸ்ஸி?"

"கண்ணைப் பறிக்குது அக்கா" என்றேன்.

செத்த வீட்டில் சாந்தினியை வீடியோவில் காட்டினார்கள். தாயின் முகத்தைப் பார்த்துக் கதறினாள். கொஞ்சம் ஆறிய பிறகு, "அம்மா போர்வைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க மிஸ்ஸி. முடிச்சிட்டுத்தான் காட்டுவேன்னாங்க. காட்டுங்க" என்றாள். நான் விரித்துப் பிடித்தேன். அவள் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "இது என்ன மிஸ்ஸி, எல்லாம் சாம்பலா இருக்கு? எங்கம்மாவா இத பின்னினாங்க?" என்று கேட்டாள்.

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தேன். "அம்மாவுக்குக் கண் தெரியேல்லைத் தானே பிள்ளை. கையில கிடைச்ச நூலை எடுத்துப் பின்னியிருக்கிறா" என்றேன். என் பொய்யைத் தூக்கிப் பெட்டியில் கிடந்த அக்காவின் தலையில் போட்டேன். அவள், "கடைசியில எங்கம்மாவுக்குக் கலரே இல்லாமப் போச்சா" என்று அழுதாள். அனுப்பவா என்று கேட்டதற்கு, "வேணாம் மிஸ்ஸி, எந்த விலாசத்துக்கு அனுப்புவீங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் எடுத்தால் அவள் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது.

அக்காவுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் விட்டிருப்பார் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். வேண்டாம். அவருக்குத் தெரியாது. சரோசா சொன்னாள், கடைசி நாள் பின்னேரம் போர்வையைப் பொருத்தி முடித்துவிட்டு, ஓரத்தைத் தடவிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் கையை நிறுத்தினாராம். "அய்யய்யோ, செவப்புக்குப் பக்கத்துல செவப்பு வந்திரிச்சே. எம்புள்ள சிரிப்பாளே" என்றாராம். சரோசா, அது பரவாயில்லை அக்கா, விடுங்கோ என்று கெஞ்சியிருக்கிறாள். கேட்கவில்லை. ஒரு சாம்பல் கட்டத்தைத் தையல் பிரித்து எடுத்து, இன்னொரு சாம்பல் கட்டத்தை அந்த இடத்தில் வைத்து, பொழுது படும்வரைக்கும் இருந்து தைத்திருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் போர்வை ஒன்றுதான். அலுமாரிக்குள் இருக்கிறது. பொத்தான்களை அறுத்துத் தரச் சொன்னார், ஒன்றையும் அறுக்கவில்லை. சாந்தினி, இந்த மலர் எப்போதாவது உன் கைக்கு வந்தால் தெரிந்துகொள்: அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் எல்லா நிறமும் இருந்தது. பெரிய பொத்தான் தைத்த கட்டமெல்லாம் சிவப்பு. சிவப்புக்குப் பக்கத்தில் எங்கேயும் சிவப்பு இல்லை, நான் தடவிப் பார்த்துவிட்டேன்.