இரத்தம் பார்க்க ஒரு காரணம்

பலாங்கொடைப் பக்கம் ஒரு கார்மண்ட் ஃபேக்டரியில் தைக்கிறேன். குடியிருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில்தான். மருத்துவ இன்சூரன்சுக்கென்று மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை இரத்தம் பரிசோதித்து, பில்லைக் கொடுத்தால் காசு திரும்பக் கிடைக்கும். போன வருடம் சீனி, கொழுப்போடு எச்.ஐ.வி.யும் பார்த்தேன். மற்ற இரண்டுக்கும் தந்தார்கள். எச்.ஐ.வி.க்கு மட்டும், காரணம் எழுதாமல் தர முடியாது என்று பில்லைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஆபீஸில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் மிஸ், டவுனில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, தங்கமான குணம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"விடாத காய்ச்சல்னு எழுதிருவோமாக்கா? ஒருத்தரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"காய்ச்சலே இல்லையே மிஸ்."

வரிசையில் பின்னால் நின்ற என் பக்கத்து மிஷின்காரி விடுவாளா? "மடியில கனமில்லாட்டி வழியில என்னடி பயம்? ஒனக்கு எதுக்கு அந்த டெஸ்டு?"

"என் மடி, நான் தடவிப் பாக்குறேன். ஒனக்கு எங்கடி வலிக்குது?"

வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முன்பு வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவள். அப்போது ஏஜென்சிக்காரர் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் இதே டெஸ்டை எடுக்கவைத்தார். மெடிக்கல் பாஸ் என்றதும் லயமே சந்தோஷப்பட்டது. யார் வீட்டுச் சட்டியோ கழுவ என் இரத்தத்தைப் பார்த்தால் பெருமை; எனக்காக நானே பார்த்தால் விசாரணையா?

காரணம் என்ற இடத்தில், 'தெரிந்துகொள்ள விரும்பினேன்' என்று எழுதினேன்.

மிஸ் தயங்கினார். "தரமாட்டாங்கக்கா. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில சும்மாவே பாக்குறாங்களே?"

"தெரியும் மிஸ். இனி அங்கயும் போவேன். ஆனா சம்பளத்துல வெட்டும்போது எங்கிட்ட காரணம் கேட்டாங்களா? சீனி பாத்ததுக்குக் கேட்டாங்களா?"

அவர் சொன்னதுபோலவே பில் மறுபடியும் திரும்பி வந்தது. ஒரு எழுத்தையும் மாற்றாமல் மறுபடியும் கொண்டுபோய் நீட்டினேன். மிஸ் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரிசல்ட் நல்லா தானேக்கா வந்திச்சு?"

"அது எனக்கும் டாக்டருக்கும் மிஸ். நீங்க பில்ல அனுப்புங்க."