முதலாளியின் சாக்கும் ஒரு பிடி அரிசியும்

போன ஞாயிறு வேதக்கோயிலில் எங்கள் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பழுது ஒன்றுமில்லை. வாங்கிக் கொடுத்தவரின் பெயரை மூன்று இறக்கையிலும் சிவப்பு மையால் எழுதியிருந்தார்கள். சுழன்றால் வாசிக்க முடியாதல்லவா? கொடுத்தவர் முன்வரிசையில் வியர்த்து வழிந்தபடி, அண்ணாந்து தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ அது கழன்று தலையில் விழுந்துவிடுமோ என்று பூசை முடியும்வரை நகர்ந்து நகர்ந்து இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பயப்படுகிற பாடத்தை மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் புழுக்கத்தில், எங்கிருந்தோ ஈரச் சாக்கு மணம் ஒன்று மூக்கில் ஏறியது. இத்தனை வருடமாகியும் எனக்கு விட்டுப்போகாத மணம்.

சண்டைக் காலத்தில் எங்கள் கோயிலில் பிடியரிசிப் பானை என்று ஒன்று இருந்தது. உலையில் அரிசி போடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு தகரப் பேணியில் போட்டு வைப்பாள். வார முடிவில் எல்லாப் பேணியும் கோயில் பானைக்குள் கவிழும், இல்லாதவர்களுக்குச் சோறாகும். வாகரைப் பக்கமிருந்து ஷெல்லுக்குத் தப்பி வந்த குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் தங்கியபோது, அவர்களுக்கு ஆக்கிப் போடும் வேலைக்கு என்னைச் சேர்த்தார்கள்.

ஊர் அரிசியெல்லாம் ஒரே பானைக்குள் இருந்தால் எப்படி வேகும், சொல்லுங்கள். ஒரு வீட்டுச் சம்பா, ஒரு வீட்டுச் சிவப்பரிசி, ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடை அரிசி. ஒன்று கூழாகும்போது மற்றது கல்லாக நிற்கும். உண்மையான கல்லும் இருந்தது. எங்கள் பக்திமான்கள் சுளகில் புடைத்து, நல்லதை உலைக்குப் போட்டுவிட்டு, அடியில் மிஞ்சுகிற நொய்யையும் வண்டையும் ஆண்டவருக்கென்று ஒதுக்குவார்கள். ஆண்டவருக்குப் பல் இல்லை என்று நினைத்தார்களோ என்னவோ. யாருடைய பல் போகப்போகிறதோ என்று, நான் அரிக்கன் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கல் அரித்துக்கொண்டே இருப்பேன்.

தன்னிடமிருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பாதர் பிரசங்கம் வைக்கும் நாளில் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பின்வரிசையைப் பார்க்கும். விதவைகளுக்குச் சொல்கிற புத்தி என்பது அவர்கள் எண்ணம்.

முன்வரிசையில் முதல் ஆள் அரிசி மில் முதலாளி. பெயர் வேண்டாம், அவர் காலத்தில் அது போதுமான இடங்களில் எழுதப்பட்டாயிற்று. பிடி பிடியாகக் கொடுப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. ஒரு முழுச் சாக்கைப் பீடத்தின் முன் இறக்குவித்து, மில்லின் பெயர் சனத்தின் பக்கம் தெரியும்படி தன் கையாலேயே அதைத் திருப்பியும் வைத்தார்.

பிறகு சண்டை முற்றிப் பாதையை மூடினார்கள். நிவாரண லொறி வரவில்லை. ஊரிலும் அரிசி இல்லை, பானை அடி தெரிந்தது. முதலாளியின் சாக்கு இருக்கிறதே என்ற தைரியத்தில் தையலைப் பிரித்தேன். கரப்பானும் ஈரச் சணலும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. அரிசி பச்சை பிடித்துக் கட்டிகட்டியாகக் கிடந்தது. எந்த மழைக்கு நனைந்த அரிசியோ! கழுவக் கழுவத் தண்ணீர்தான் கறுத்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பேதி, கொடுக்காவிட்டால் பட்டினி. அடுப்படியில் குந்தி அழத் தொடங்கினேன். அது எனக்குக் கைவந்த வேலை.

அப்போதுதான் சவரியம்மாக்கா வந்தார். வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணிக்காரி. ஓடி வரும்போது சட்டிபானையை விட்டுவிட்டு, பழஞ்சேலையில் கட்டிய விதைநெல்லை மட்டும் தூக்கிவந்தவர். அந்த மூட்டைதான் அவருக்குத் தலையணை. ஊர் திரும்பினால் மாரிக்கு விதைக்க வேறு நெல் இல்லை என்பது மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். பசியோடு கிடந்தவர்கள்கூட அதைக் கேட்டதில்லை. அவர் அதை என் முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தார்.

“அக்கா, அது விதைக்க வெச்ச நெல். உங்களுக்கென்ன விசரா?”

“ஓம் புள்ள, விசர்தான். போய் உரலக் கொண்டா.”

பெண்கள் மாறி மாறிக் குற்றினார்கள். கஞ்சிக்கு உலை கொதித்தது. அரிசியைப் போடுமுன் அவர் ஒரு பிடியை அள்ளி, வெறுமையாகக் கிடந்த கோயில் பானைக்குள் போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பானையே அவர்களுக்குச் சோறு போடத்தான் இருக்கிறது. அதற்குள் அவரே யாருக்காகப் போடுகிறார்?

“பொறு புள்ள. நமக்குப் பிறகு வாற ஆக்களுக்கு.”

எல்லோரும் குடித்து மிஞ்சினால் போடலாமே என்றேன்.

“மிஞ்சினதப் போட்டா அது முதலாளிட சாக்கு.”

அடுத்த ஞாயிறு, சனத்தின் பசி தீர்த்த முதலாளிக்குப் பாதர் பீடத்திலிருந்து நன்றி சொன்னார். முதலாளி தலையைக் குனிந்து பணிவாக இருந்தார். பணிவும் முன்வரிசைக்குத்தான் பொருந்துகிறது. பின்வரிசையில் சவரியம்மாக்கா என் காதுக்குள், “அந்தச் சாக்க எனக்கு எடுத்துத் தா புள்ள. அவர் தந்ததில அதுதான் நல்ல சாமான்” என்றார். மண்டபத்துக் கக்கூசுக்குக் கதவு இல்லாமல் இருந்தது. மில்லின் பெயர் வெளியே தெரியும்படி தொங்கவிட்டார்.

அந்த வாரமே வாவிக்கு அக்கரையில், படுவான்கரையிலிருந்து தோணிகளில் புதுச் சனம் வந்து இறங்கியது. ஒரு பிடி அரிசி எத்தனை வாய்க்குக் காணும்? ஆனாலும் அவர்கள் வந்தபோது அது வெறும்பானையாக இருக்கவில்லை.

பாதை திறந்து ஊர் திரும்பும் நேரம் வந்தது. பயந்து பயந்து நான் மில்லுக்குப் போய், அக்காவுக்கு விதைக்கக் கொஞ்சம் நெல் கேட்டேன். முதலாளி சிரித்தார்.

“விதைநெல்லத் தின்ட சனத்துக்கு இன்னும் விதைநெல்லா?”

அக்கா அந்தப் பழஞ்சேலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அந்த மாரிக்கு அவர் வயலில் புல்தான் முளைத்ததாம். புருசன் வாவியில் இறால் பிடித்துக் காலத்தை ஓட்டினாராம். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கவலைப்பட்டேன்.

சண்டை முடிந்தது. மில் இருந்த இடத்தில் இப்போது கலியாண மண்டபம். பானை இருந்த மூலையில் காணிக்கை உறைகள் அடுக்கியிருக்கிறார்கள். உறையின் முகப்பில் கொடுப்பவரின் பெயர் எழுதப் பெரிய கோடு. வீடுகளில் பேணியும் இல்லை. என் மருமகள் ரைஸ் குக்கரில் கோட்டுக்கு அளந்து தண்ணீர் ஊற்றுகிறாள்.

அவள் இல்லாத நாளில் நான் ஆக்கினால், கை தன்பாட்டில் ஒரு பிடியை அள்ளிவிடும். அந்தப் பிடியோடு குசினி நடுவில் நிற்பேன். போட ஒரு பானை இல்லை. தண்ணீர்க் கணக்குப் பிழைத்துவிடுமோ என்ற பயத்தில், திரும்பவும் எங்கள் சோற்றுக்குள்ளேயே போட்டு மூடிவிடுவேன்.