ரூத் எந்த ஊர்க்காரி

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிகை லெய்மாரா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். "எழுதுற மூணு பேரும் உள்ள வாங்க. நான் எந்த ரூத்துன்னு சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

ஹில்டா வோலெக்தான் முதலில் எழுந்தாள். அந்தத் தீவு நாட்டின் தலைநகர் போர்ட் விலாவில் பாலர் பள்ளி நடத்துகிறவள். சர்ச் நாடகங்களுக்கு வசனம் எழுதி எழுதிக் கை பழகி, இந்த வானொலித் தொடருக்கு வந்தவள். பிறந்தது வடக்கே வனோலாவ் என்ற சின்ன ஊரில். கூட எழுதுகிறவர்களில் கல்சாவ், போர்ட் விலாவுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன், யாவிகோ தெற்குத் தீவுக்காரன். வாரத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி எழுதுவார்கள்.

ரூத் அந்தத் தொடரில் வரும் மாமியார். அவள் மகள் மெலனி, மருமகன் ஜெரி. ரூத்தை உருவாக்கிய நாளில் அவளுடைய வயது, நடை, இருமல், கோபம் வந்தால் எதைத் தூக்கி எறிவாள் என்பதுவரை பேசி முடிவு செய்தார்கள். ஊரை மட்டும் முடிவு செய்யவில்லை. எந்தத் தீவைச் சொன்னாலும் அந்தத் தீவுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று மூவருக்குமே பயம். கடைசியில் ஒவ்வொருவரும் தன் ஊரையே ரூத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹில்டாவின் ரூத், அவள் ஊர் மரியாதைப்படி, மருமகனைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி முதுகு காட்டி நிற்பாள். அவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கல்சாவின் ரூத்தோ போன வாரம் அடுப்படியில் அதே மருமகனின் காதைத் திருகிக் கேலி பேசினாள். நேயர்கள் கொதித்துப்போய்க் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ரூத்துக்குக் கூடப்பிறந்தவள் யாராவது உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இந்த வாரம் எழுதியது யாவிகோ. ஜெரி மெலனியை அடித்துவிடுகிறான். ரூத் அவன் எதிரில் போய் நின்று, பெயர் சொல்லி, வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். மாலையில் ஒலிபரப்பு. மதியத்துக்கு மேல் அந்த அறை வேறு ஆட்களுக்கு.

"ஆரம்பத்துல இருந்து முதுகு காட்டி நின்னவ, இன்னைக்கு எப்படி நேருக்கு நேர் நிப்பா?" என்று கேட்டாள் லெய்மாரா. "எனக்கு வாய் வரல. போன வாரமே வரல. கல்சாவ், போதைக்குக் காவா குடிச்சிட்டு எழுதினியா அத?"

"எங்க ஊர்ல மாமியார் அப்படித்தான் விளையாடுவா. என் மாமியார் என்னைத் துடைப்பத்தாலயே அடிச்சிருக்கா."

"இன்னும் நாலு அடி போட்டிருக்கலாம்" என்றாள் லெய்மாரா.

யாவிகோ சிரிக்கவில்லை. "அவ திட்டியே ஆகணும். புருஷன் கையோங்கினா வீட்டுப் பெரியவ கேப்பாங்கிறதுக்குத்தானே இத்தனை வாரம் கதை நடத்துனோம்?"

"ரூத் வனோலாவ்காரின்னு வெளிப்படையாச் சொல்லிடுவோம்" என்றான் கல்சாவ். "என்ன ஹில்டாக்கா? முதல்ல அவளை நடமாடவிட்டது நீங்கதானே. ஜனங்களுக்குத் தெரிஞ்சது உங்க ரூத்தத்தான்."

ஹில்டாவுக்கு ஊர்தான் நினைவுக்கு வந்தது. வனோலாவில் கடற்கரைக்கு வந்து ஒரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் இந்தத் தொடரைக் கேட்பார்கள். பெண்டாட்டியை அடிக்கிறவன் வீட்டோடு ஊர் பெயரும் சேர்ந்து வந்தால், எழுதினது யார் என்று அவர்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். அவள் தம்பி எட்வின் ஊர்த் தலைவர்கள் முன் அபராதமாகப் பாயும் பன்றியும் வைத்துத் தலை குனிய வேண்டிவரும். அவளும் அதன் பிறகு ஊருக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

"ஊர் பேரு இல்லாமலே முதுகு காட்டி நிக்கட்டுமே" என்றாள்.

"அப்புறம் அடுத்த வாரம் நான் மறுபடி காதைப் பிடிப்பேன்" என்றான் கல்சாவ். கிண்டலாகத்தான் சொன்னான், ஆனால் உண்மை. ஊர் இல்லாதவரை ரூத் எழுதுகிறவன் கையில் இருக்கிற பொம்மைதான்.

ஒலிப்பதிவாளர் கண்ணாடியைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டினார்.

ஹில்டா யாவிகோவின் தாள்களை வாங்கிக்கொண்டாள். அவள் ஊரில் மாமியார் மருமகனோடு பேசமாட்டாள் என்பது உண்மை. மருமகன் காதில் விழும்படி நாயிடம் பேசுவாள், பானையிடம் பேசுவாள். கேட்பவனுக்கு அது நேரே திட்டுவதைவிட வலிக்கும். பதில் சொல்ல வழியே கிடையாது. ஆனால் ஊர் பெயர் இல்லாமல் அந்த வழக்கம் கேட்பவர்களுக்கு விளங்காது; அதையும் சேர்த்து நின்றபடியே எழுதினாள். எழுத எழுத லெய்மாரா தோள்வழியாகப் படித்து உதட்டை அசைத்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. லெய்மாரா ஒலிவாங்கிக்கு முதுகைத் திருப்பி, தலையை மட்டும் சாய்த்துப் பேசினாள்.

"ஏ நாயே, இங்க வா. போன வாரம் அடுப்படியில நான் சிரிச்சு விளையாடினத நீ பாத்த. டவுன்ல எல்லாரும் விளையாடுறாங்கன்னு நானும் விளையாடினேன். எங்க வனோலாவ்ல அப்படிக் கிடையாது. மரியாதை விட்டுப்போச்சு, அதான் இந்த வீட்டுல கை நீளுது. இனி நான் பாதைய விட்டு இறங்கித்தான் நிப்பேன். ஆனா என் பொண்ணு மேல இன்னொரு தரம் கை பட்டா, அவளக் கூட்டிக்கிட்டு அடுத்த கப்பல்ல போயிடுவேன். இத யாருகிட்ட சொல்லணுமோ சொல்லு."

ஜெரியாக நடிப்பவனுக்கு அங்கே ஒரு வரி இருந்தது. அவன் அதைப் பேனாவால் அடித்துவிட்டான். ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்தவில்லை.

"ஊர் பேரு இருக்கட்டுமா அக்கா?" என்றான் யாவிகோ மெதுவாக. "வெட்டணும்னா இப்பவே வெட்டிடலாம்."

ஹில்டா தாள்களை அவனிடமே நீட்டினாள். "இருக்கட்டும்" என்றாள்.

அன்று ஒலிபரப்பு முடிந்து சிறிது நேரத்தில் எட்வின் அழைத்தான்.

"கேட்டோம்" என்றான். பின்னால் கடலிரைச்சல் மட்டும் கேட்டது.

"கேட்டு?"

"பெரியவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. பெண்டாட்டிய அடிப்பானே, அந்த நாகல் மட்டும் ரேடியோவையே முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். அவன் மாமியார் பின்னால நாயக் கூப்பிட ஆரம்பிச்சிட்டா."

"யாராவது சிரிச்சாங்களா?"

"ஒருத்தரும் சிரிக்கல. தலைவர் உன்னை வரச் சொல்றார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டம். இந்தத் தடவ கூட்டத்துல பொம்பளைங்களும் உக்காரணும்னு கேக்குறாங்க, அதுக்கும் சேர்த்துத்தான் சண்டை."

"என் பக்கம் எத்தனை பேர்?"

"தெரியல. வா."

அவள் பாலர் பள்ளிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக யாரைப் பிடிப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள்.