கட்டிலுக்கடியில் உதிரிகள்

புனேயில், எங்கள் வானவடி வீட்டில் கட்டிலுக்கு அடியில் கை விட்டால் செத்த லேப்டாப்கள்தான் தட்டுப்படும். எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு. என் கணவர் சேர்த்தவை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கக் கிளம்புகிற மனிதர் ஊருக்கு மறுகோடியில் போபோடி வரைக்கும் போய், பங்கார் என்கிற காயலான் கடைகளில் பழைய இரும்போடு கிடந்ததைக் கிளறி எடுத்துக்கொண்டு, ஒரு கொத்து மல்லித்தழைகூட இல்லாமல் வந்து நிற்பார். அவர் தினமும் பயன்படுத்திய லேப்டாப்பும் அதே மாடல். அதில் ஏதாவது போனால் இவற்றிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாமாம்.

"ஏட்டி, இப்ப வாற லேப்டாப்ல எல்லாத்தையும் சேத்து ஒட்டி வச்சிருக்கானுவ. ஒண்ணு போனா மொத்தமும் குப்பை. இது அப்படி இல்ல, ஸ்க்ரூவக் கழத்துனா தனித்தனியா வந்துரும்" என்பார். அவருக்கு ஐ.டி. கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் கோர்படியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புனே வந்து இத்தனை வருஷமாகியும் வீட்டுக்குள் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

அந்த லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. அதோடு வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு, சிறிய லினக்ஸ் ஒன்றைப் போட்டு, அதிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார். தமிழ் எழுத்துகூட அதில் தெரியாது. ஒருநாள் பாட்டுக் கேட்கலாம் என்று போனேன், சத்தத்தையே எடுத்துவிட்டிருந்தார்.

"தேவையில்லாதது எதுக்கு ஓடணும்? ஓடுறது குறைஞ்சா கெட்டுப்போறதும் குறையும்."

"அப்போ என்னையும் ஒருநாள் தூக்கிருவீங்களோ?"

"உன்னத் தூக்கிட்டா இந்த வீட்ல வேற என்னட்டி ஓடும்?" என்று சிரித்தார்.

பிறகு அவருக்கு நாக்கு குழற ஆரம்பித்தது. நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்ளும் நோய், குணப்படுத்த மருந்து கிடையாது என்று டாக்டர் ஹிந்தியில் சொன்னார். வேறு பதில் வருமோ என்று நான் அதையே இங்கிலீஷில் கேட்டேன். அதே பதில்தான் வந்தது. முதலில் பேச்சு போகும், பிறகு கைகள் என்றார். பேச்சு நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் போனது.

என் தம்பி, தட்டினால் தானே பேசுகிற டேப்லெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கண்ணாடியில் அவர் விரல் வழுக்கி வேறு எழுத்தில் போய் விழுந்தது. போதாக்குறைக்கு அது ஏதோ அப்டேட் என்று பாதியில் நின்றுகொண்டது. அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பழைய லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டார். அதன் விசைகள் குழிவாக, அழுத்தமாக இருக்கும். விரலுக்குத் தன் இடம் தெரியும். அன்றிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. இங்கிலீஷ் எழுத்தில் அவர் தமிழைத் தட்டுவார், நான் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பேன்.

சமையலறையில் இருக்கும் என்னைக் கூப்பிடவும் ஒரு வழி வைத்திருந்தார். எல்லாச் சத்தத்தையும் எடுத்தாலும் உள்ளே இருக்கும் மதர்போர்டிலேயே ஒரு பீப் ஒலி மிச்சம் உண்டாம். வரியில் ஓர் எழுத்தும் இல்லாதபோது அழிக்கும் விசையை அழுத்தினால், அழிக்க ஒன்றும் இல்லை என்று அது கத்தும். பீப் என்றதும், "வாறேன், வாறேன், குக்கர இறக்க வேண்டாமா?" என்று திட்டிக்கொண்டே ஓடுவேன். அப்படித் திட்ட முடிந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மழைக்காலத்தில் சில விசைகள் அடியோடு நின்றுபோயின. எந்த ஸ்க்ரூ என்று அவர் விரலால் காட்ட, கட்டிலுக்கடியில் கிடந்த ஒன்றிலிருந்து கீபோர்டைக் கழற்றி நானே இதில் மாட்டினேன். உயிர் வந்ததும் அவர் தட்டிய முதல் வரி, 'உன்னை அப்பவே எங்க ஆபீஸ்ல சேத்திருக்கணும்.' அந்த வாரம் முழுவதும் எப்படியும் சமாளித்துவிடுவோம் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளி கழிந்ததும் ஒரே எழுத்து இரண்டு மூன்றாக விழ ஆரம்பித்தது. இடையிடையே வேண்டாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. "கீபோர்டு போயிட்டுங்க" என்றேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். தலையசைப்பதும் அப்போது அவருக்கு லேசான காரியமில்லை. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்றைக் கழற்றி மாட்டினேன். அப்படியேதான் வந்தது. அதையும் பிடுங்கிவிட்டு அடுத்ததை எடுத்தேன். "பங்கார்ல கிடந்ததுதானே, வேற எப்படி இருக்கும்?" என்று வாய் ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டி முடித்து, அவரிடம் கொடுக்குமுன் ஒவ்வொரு விசையாக நானே தட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒற்றை ஒற்றையாக, ஒழுங்காக விழுந்தன. ஒரு பழுதும் இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பழுது அதில் இருந்திருந்தால் மறுபடியும் கட்டிலுக்கடியில் கை விட்டிருப்பேன்.

அவர் கையைத் தூக்கி விசைகளின் மேல் வைத்தேன். விரல் ஒரு விசையில் இறங்கியது, திரும்ப எழவில்லை. ஒரே எழுத்து திரையின் ஓரம்வரை ஓடி, அடுத்த வரிக்கு மடங்கி, அதற்கடுத்த வரிக்கும் போனது. நான் அந்த விரலை மெல்ல எடுத்து அவர் மடியில் வைத்தேன். அந்த எழுத்துகளை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்தேன். வரி வரியாகக் குறைந்து கடைசி எழுத்தும் போயிற்று. நான் விரலை எடுக்க மறந்துபோனேன்.

பீப், பீப் என்று அது கூப்பிட ஆரம்பித்தது.

அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "வாறேன், வாறேன்" என்றேன்.