முள் கீறியது என்றான்

நான் பொய் சொன்னேன். ஒரு பெண்ணைக் கொன்றவன் தப்பித்துப் போகும்படி, போலீஸ்காரர் முன்னால் நின்று கண் இமைக்காமல் பொய் சொன்னேன். கொன்றவன் என் அண்ணன்.

எனக்கு அப்போது தெரியாது என்று அடுத்த வரியிலேயே எழுதக் கை துடிக்கிறது. எழுதமாட்டேன். தெரியாது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை இத்தனை வருடம் விழுங்கி வைத்திருந்தேன். நீங்கள் யாரோ, எவரோ... என்னைத் தெரியாதவர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

லிட்டில் அந்தமானில், ஹட் பேயில், அப்போது செம்பனைத் தோட்டம் இருந்தது. பாமாயில் எடுக்கிற பனை. எங்கள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் இங்கே வந்து பனைக்குலை வெட்டினோம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பாக்கியம் அத்தை வீடு. ரத்த உறவு ஒன்றுமில்லை, லயத்தில் எல்லாரும் அத்தை மாமாதான். அவள் புருஷன் முத்தையா மாமா. ஒரே மகள் சரோஜா, என் வயதுக்காரி, என் தோழி. எங்கள் வீட்டில் அம்மா இல்லை. அப்பா, அண்ணன் ராசு, நான்.

செம்பனையைப் பார்த்திருக்கிறீர்களா? மட்டை நெடுக முள். குலை வெட்டுகிறவர்களுக்குக் கையிலும் கழுத்திலும் கீறல் இல்லாத நாளே கிடையாது. ஆகையால் எங்கள் தோட்டத்தில் ஒருவர் கீறலைப் பார்த்து இன்னொருவர் "என்ன ஆச்சு" என்று கேட்கும் வழக்கமே இல்லை. முகத்தில் மூக்கு இருப்பது போல உடம்பில் கீறல் இருக்கும்.

அண்ணனுக்குச் சரோஜாவைக் கட்டிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "அண்ணி, அண்ணி" என்று அவளைக் கேலி செய்வேன். ஒருநாள் அவள் சிரிக்கவில்லை.

"இனிமே அப்பிடிக் கூப்பிடாத புள்ள. ஒங்கண்ணன் பாக்குற பார்வை எனக்குப் புடிக்கல. நேத்து வழிய மறிச்சாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை... அவள்மேல்! என் அண்ணனுக்கு என்ன குறைச்சல் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவளோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

அந்த வாரம் அண்ணனுக்கு மெயின்லேண்டில், கோயம்புத்தூர்ப் பக்கம், ஒரு மில்லில் வேலை கிடைத்தது. மாலைக் கப்பலில் போர்ட் பிளேயர் போய், அங்கிருந்து சென்னைக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அப்பாவும் நானும் கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போய் ஏற்றிவிட்டோம். கூட்டம் நெரிந்தது. அவன் ஏணியில் ஏறுவதைப் பார்த்தோம். கப்பல் கிளம்பும்வரை நிற்கவில்லை. மழை தூறியது, அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு. திரும்பிவிட்டோம்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்குக் குளிக்கப் போன சரோஜா வீடு திரும்பவில்லை. லயமே தேடியது. முத்தையா மாமா கையில் ஒரு டார்ச்சுகூட இல்லாமல், மகள் பேரைக் கத்திக்கொண்டே பனைகளுக்குள் ஓடினார்.

விடிந்ததும் அப்பாவும் தேடப் போய்விட்டார். நான் தனியாக இருந்தேன். பின்வாசலில் அண்ணன் வந்து நின்றான்.

"கப்பல்ல ஒரே கூட்டம், மூச்சு முட்டிருச்சி. எறங்கி ஜெட்டியிலேயே படுத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லிறாத தங்கச்சி, தோல உரிச்சிருவாரு. மரம் ஏத்துற கப்பல் ஒண்ணு இப்பக் கெளம்புது. அதுல சமையக்காரன் நமக்குப் பழக்கம். நான் போயிருவேன். யாரு கேட்டாலும் நேத்தே போயிட்டேன்னு சொல்லு."

அவன் கழுத்தில், காதுக்குக் கீழே, நீளமாகக் கீறல்கள். ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னண்ணே இது?" என்று கேட்டேன். தோட்டத்தில் யாரும் கேட்காத கேள்வியை அன்று நான் கேட்டேன்.

"குறுக்கால பனைக்குள்ள வந்தேன். முள்ளு கீறிருச்சி."

மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். "ராத்திரியிலருந்து சரோஜாவக் காணோம்ணே" என்றேன். என் விரலுக்கு அடியில் அவன் கழுத்து நரம்பு துடித்தது. "எங்கயாச்சும் போயிருப்பா. வந்துருவா" என்றான். பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போனான்.

மதியம் ஓடைக்கரைப் புதரில் அவளைக் கண்டெடுத்தார்கள். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது.

சாயங்காலம் போலீஸ் வீடு வீடாக வந்து ஆண்களைப் பற்றி விசாரித்தது. "என் மகன் நேத்தே கப்பல்ல போயிட்டான்" என்றார் அப்பா. அவர் சொன்னது பொய்யில்லை, நம்பியதைச் சொன்னார். போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, "சச் ஹை க்யா?" என்றார், நிஜமா என்று. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை அவரிடம் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஹாங் சாப். அண்ணன் நேத்தே கப்பல்ல போயிருச்சி."

சின்னப் பெண், அண்ணன்மேல் பாசம், அப்பாவிடம் பயம்... இதை மன்னித்துவிடலாம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

மறுநாள் முத்தையா மாமாவைப் பிடித்தார்கள். இரண்டு நாள் முன்னால் அவர் குடித்துவிட்டு மகளை "வெட்டிப் போட்டுருவேன்" என்று கத்தியதை லயமே கேட்டிருந்தது. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மார்பு, கை, கழுத்து எல்லாம் கீறல். சரோஜாவின் நகங்களுக்குள் தோலும் ரத்தமும் ஒட்டியிருந்தனவாம். சாகும் முன் அவள் எவனையோ பிறாண்டியிருக்கிறாள்.

"ராத்திரி பூரா தேடுனேன் சாப். முள்ளு கீறிருச்சி சாப்" என்று மாமா அழுதார். இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அதே வார்த்தை! முள்ளு கீறிருச்சி... என் விரல் நுனியில் மஞ்சள்கூட இன்னும் போகவில்லை. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அந்த நொடியிலேயே குழி தோண்டிப் புதைத்தேன். என் அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நம்பிக்கையா, கோழைத்தனமா? இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ரத்த வகை ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது. நகத்தில் இருந்ததும் மாமாவின் ரத்தமும் ஒரே வகை. உள்ளே தள்ளினார்கள். ரத்த வகை மட்டும் சாட்சியாகாது என்று கோர்ட்டு பிறகு அவரை விட்டுவிட்டது. அத்தை விடவில்லை. பெற்ற மகளைக் கொன்ற பாவி என்று கதவைச் சாத்தினவள் திறக்கவே இல்லை. அவர் ஜெட்டியில் மூட்டை தூக்கிப் பிழைத்தார், அங்கேயே படுத்தார். ஆழிப்பேரலை வந்த காலையில் கடலோடு போனார். உடல் கிடைக்கவில்லை. "நல்லாப் போனான்" என்றாள் அத்தை. நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் நான் கல்யாணமாகி, தமிழ் டீச்சராகிப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்தேன். கராச்சர்மாவில் வீடு. அலைக்குப் பிறகு அத்தையை என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று தெருவே மெச்சியது. எனக்கும் அது பிடித்திருந்தது. அத்தைக்குக் கண் மங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நகம் வெட்டிவிடுவேன். கையை என் மடியில் நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள்.

அண்ணன் வருவான். தாய்மாமன் அல்லவா? என் மகளை அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். அத்தை அவனுக்கென்று மீன்குழம்பு வைப்பாள். "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க ராசு, எளச்சிப் போயிட்ட" என்பாள். அவன் தட்டை நீட்டுவான். எப்படி முடிந்தது அவனால்? அவள் கையால், அந்தக் குழம்பை, எப்படி விழுங்கினான்?

போன வருடம் அந்த வழக்கை மறுபடி எடுத்தார்கள். அன்று வெட்டிவைத்த நகத்துணுக்குகள் மெயின்லேண்டு ஆய்வுக்கூடத்தில் ஓர் உறைக்குள் காய்ந்து கிடந்திருக்கின்றன. இப்போது டி.என்.ஏ. சோதனையில், ஒட்டியிருக்கும் துளித் தோலைக் கொண்டு ஆளைச் சொல்லிவிடுகிறார்களாம். ஆள் அகப்படாவிட்டாலும் அவனுடைய ரத்த உறவைச் சொல்லிவிடுகிறார்கள். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பழைய லயத்து ஆட்கள் எல்லாரும் எச்சில் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றாள். முதல் ஆளாக வாயைத் திறந்தது நான்தான்.

ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறீர்களா? சோதனை என் அண்ணனை விடுவித்துவிடும் என்று நம்பினேன். புதைத்த இடத்திலிருந்து அவ்வப்போது முளைத்துக்கொண்டிருந்த அந்தச் சந்தேகத்தை வேரோடு பிடுங்கிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அவனை அவ்வளவு நம்பினேன்... மடச்சி.

சில வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தாள். டீ கொடுத்தேன்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க கூடப் பொறந்த ஆம்பளைங்க எத்தன பேரு?"

"ஒருத்தன்" என்றேன்.

அவள் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள். நகத்தில் இருந்தது சரோஜாவின் அப்பாவுடைய தோல் இல்லை, என் தாய் வயிற்றில் பிறந்த ஒருவனுடையது என்று மெதுவாகச் சொன்னாள். ஜெட்டி, பின்வாசல், மஞ்சள்... எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். "ஏன் டீச்சர் அன்னிக்கே சொல்லல?" என்றாள். ஆறிப்போன அவள் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பிறகு கோயம்புத்தூரில் அவனிடமும் சோதனைக்கு எடுத்தார்கள். அன்று அவனே போன் செய்தான்.

"ஏண்டி எச்சிலக் குடுத்த? யாரக் கேட்டுக் குடுத்த?"

நான் செய்யவில்லை தங்கச்சி... அந்த ஒரு வார்த்தைக்காகப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். பாவி, பொய்க்காகவாவது சொல்லியிருக்கலாம்.

"தானாடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. நீ எனக்கே குழி வெட்டிட்ட. நான் கப்பல்ல போயிட்டேன்னு அன்னிக்குச் சொன்னது நீதான? இப்ப மாத்திப் பேசுனா நீயும் உள்ள போவ, பாத்துக்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை அப்பாவுக்குப் பயந்து அவன் பின்வாசலுக்கு வரவில்லை. தனக்காகப் பொய் சொல்ல ஒரு வாய் தேடி வந்தான். நான் மஞ்சள் தடவும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே, என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்? தங்கச்சி, தங்கச்சி என்று இத்தனை காலம் தாங்கினதெல்லாம் என் வாய்க்குப் போட்ட பூட்டுதானா?

மறுநாள் அவனைக் கைது செய்தார்கள். அத்தையிடம் யார் கொன்றது, என் எச்சிலால் எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொன்னேன். தட்டுத் தடவி என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள்.

"அண்ணன்னு பாக்காம நீ குடுத்ததாலதான் அவரு பேரு சுத்தமாச்சி. நீ என் வயித்துல பொறக்கலியேன்னு இருக்கு."

அவரு! எத்தனை வருடம் கழித்து அந்த மரியாதை. அந்த ஆசியையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன், பாருங்கள்.

கடலோடு போன மாமாவுக்குக் காரியம் செய்ய வேண்டும் என்றாள். ஃபீனிக்ஸ் பேயில் கப்பலேறி இருவரும் ஹட் பே போனோம். கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, அலையைப் பார்த்து அவள் பேசினாள். "ஒருத்தராச்சும் ஒங்க பக்கம் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கதவத் தொறந்திருப்பேனே... ஒருத்தரும் சொல்லலியே."

அந்த ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அத்தை, அன்னிக்குக் காலையில அண்ணன் வீட்டுக்கு வந்துச்சி. கழுத்துல கீறல் இருந்துச்சி. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போலீசுக்கிட்ட பொய் சொன்னேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். மங்கிய கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தாள்.

"கீறலுக்கு என்ன போட்ட?"

"மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அத்தை."

"ஆறிருச்சா?"

"...ஆறிருச்சி."

என் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டாள். "நகத்த வெட்டுடி, நகத்த வெட்டுடின்னு அவளத் தெனமும் வைவேன். நல்லவேள, எம்பேச்ச அவ கேக்கல" என்றாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

கராச்சர்மாவுக்கே திரும்பி வந்தாள். போக அவளுக்கு வேறு வீடு இல்லை. திட்டவில்லை, அழவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறாள். கேஸ் நடக்கிறது. அன்று சொன்ன பொய்க்கு என்மேல் என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை. வந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் முத்தையா மாமாவுக்கு அந்தக் கதவு திறக்கப்போவதில்லை.

ஊரிலிருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம் போல நகவெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

அவள் சோறு பிசையும்போது பார்க்கிறேன். நகமெல்லாம் நீளமாக வளர்ந்துவிட்டது.